சூடான கோபுரங்கள்: கணக்கில் கிடைத்த மேகங்கள்

வெப்பமண்டலக் கடல் வெயிலை வாங்கி, நீராவியாக மேலே அனுப்புகிறது. அந்த வெப்பம் 12, 15 கிலோமீட்டர் உயரம் ஏறி, அங்கிருந்து துருவங்கள் பக்கமாகப் போகிறது. எப்படி ஏறுகிறது? சூடான காற்று மொத்தமாக மெல்ல எழும்பும், அவ்வளவுதானே என்று தோன்றும். பள்ளிக்கூடப் படமும் அப்படித்தான் இருக்கும்.

1958-ல் ஹெர்பர்ட் ரீல், ஜோவான் மால்கஸ் இருவரும் இதற்கு வரவு செலவு எழுதிப் பார்த்தார்கள். கணக்கு இடித்தது. காற்றின் வெப்பம், ஈரம், உயரம் மூன்றையும் சேர்த்து மொத்த ஆற்றலைப் பார்த்தால், கடலை ஒட்டி அதிகம். நடு உயரத்தில் குறைவு. உச்சியில் மறுபடி அதிகம். நடுவில் ஒரு பள்ளம்! காற்று மெல்ல, எல்லா இடத்திலும் ஒரேபோல ஏறினால் அந்த வறண்ட நடு அடுக்கோடு கலந்து ஆற்றலை இழந்துவிடும். உச்சிக்கு வேண்டியது போய்ச் சேராது.

அப்படியானால் ஒரே வழிதான். சுற்றுக் காற்றோடு கலக்காமல், கடல்மட்டத்திலிருந்து நேரே உச்சிக்குப் பாயும் குறுகலான இடிமேகங்கள். அவற்றுக்கு ‘சூடான கோபுரங்கள்’னு பேர் வைத்தார்கள். எத்தனை வேண்டும்? பூமத்திய ரேகையை ஒட்டிய வளையம் முழுக்க, ஒரு நேரத்தில் 1500 முதல் 5000 வரை இருந்தால் போதும். பூமி முழுக்க ஓடும் காற்றுச் சுழற்சிக்கு இவ்வளவுதான் எஞ்சின்!

மால்கஸ் (பிறகு ஜோவான் சிம்ப்சன்) 1949-ல் சிகாகோவில் முனைவர் பட்டம் வாங்கியவர். வானிலையியலில் அதைப் பெற்ற முதல் அமெரிக்கப் பெண். மேகங்களை ஆராயப் போகிறேன் என்றபோது, அங்கிருந்த பெரிய விஞ்ஞானி ராஸ்பி, யாருக்கும் அக்கறை இல்லாத விஷயம், சின்னப் பெண்ணுக்குச் சரியாக இருக்கும் என்கிற மாதிரி சொல்லியிருக்கிறார். அந்த ‘அக்கறை இல்லாத விஷயம்’தான் மேலே சொன்ன எஞ்சின்.

கோபுரக் கணக்கு அப்படியே நிற்கவில்லை. பிறகு விமானங்கள் மேகத்துக்குள் போய் அளந்தபோது, கலக்காத கோபுரம் கடல்மேல் அபூர்வம்னு தெரிந்தது. பெரும்பாலானவை வழியில் கலந்து நீர்த்துப்போகின்றன. பின் எப்படி உச்சியைத் தொடுகின்றன? 2003-ல் எட்வர்ட் ஜிப்சர் விளக்கினார்: மேலே தண்ணீர் பனிக்கட்டியாக உறையும்போது வெளிவரும் வெப்பம், இழந்ததை ஈடுகட்டிக் கோபுரத்தைத் தூக்கிவிடுகிறது.

அதற்கு முன்பே, 1997-ல், வெப்பமண்டல மழையை அளக்க டிஆர்எம்எம் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அதன் திட்ட விஞ்ஞானியாகப் பல ஆண்டுகள் உழைத்தவரும் இதே சிம்ப்சன்தான். முதலில் தாளில் எண்ணிய மேகங்களை, 39 வருஷம் கழித்து விண்வெளியிலிருந்து ரேடாரில் பார்த்தார்.