ராதாரிச் சீட்டும் கேமராவின் கண்ணும்

செஞ்சிக்கு வடக்கே சீயமங்கலத்தில் மகேந்திரவர்மன் குடைவித்த அவனிபாஜன பல்லவேஸ்வரத்துக்குப் போகிறவர்கள் தூணில் ஆடும் சிவனைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வாயிற்காவலரை யாரும் கண்டுகொள்வதில்லை. ஏழாம் நூற்றாண்டிலிருந்து நிற்கிற காவல் அது. ஆனால் யார் வந்தான், எப்போது போனான் என்று அது எதையும் எழுதி வைத்துக்கொள்வதில்லை. ஞாபகமில்லாத காவல். (யார் உள்ளே வரலாம் என்பதைக் கல் அல்ல, சாதி தீர்மானித்தது என்பது வேறு விஷயம்.)

செஞ்சிக் கோட்டையில் பார்வை மலை உச்சிக்கு ஏறியது. 1690இல் தொடங்கி 1698 வரை முகலாயத் தளபதி ஜுல்பிகார் கான் அதை முற்றுகையிட்டுக் கிடந்தான். கடைசியில் உள்ளேயிருந்த ராஜாராம் தப்பிப் போய்விட்டார். தளபதியே கண்ணை மூடிக்கொண்டான் என்று அப்போதே பேச்சு. பார்ப்பதைப் போலவே பார்க்காமலிருப்பதும் அதிகாரத்தின் வேலைதான்.

பார்வைக்குப் பதிவேடு சேர்ந்தபோதுதான் கதை மாறுகிறது. பெந்தாமின் வட்டச் சிறையை வைத்துப் பூக்கோ சொன்னதை நம் பத்திரிகைகளில் நிறையவே பேசியாயிற்று. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குற்றம் செய்தவனை அல்ல, குற்றம் செய்யக்கூடியவன் என்று அரசு முடிவுகட்டிய சாதியில் பிறந்தவனை அது பதிவு செய்தது. கைரேகை கொடுக்கணும், இரவில் ஸ்டேஷனிலோ சாவடியிலோ போய்ப் படுக்கணும், ஊர் தாண்டினால் ராதாரிச் சீட்டு வேணும். மதுரைப் பக்கத்துக் கள்ளர்கள் இதை ரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். தென்னார்க்காட்டில் வேப்பூர்ப் பறையர்களும் இந்தப் பட்டியலில் இருந்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டது.

அதே 1920இல்தான் கைதிகள் அடையாளச் சட்டமும் வந்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் இங்கே 1947இல் ஒழிந்தது. மறுவருஷமே வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து உட்கார்ந்துகொண்டது. கைதிகள் சட்டமோ 102 வருஷம் உயிரோடு இருந்து, 2022இல் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டத்துக்கு இடம்விட்டது. ரேகையோடு இப்போது கருவிழி, விழித்திரை, நடத்தைக் கூறுகள் எல்லாம் சேர்ந்துகொண்டன. 75 வருஷம் பாதுகாத்து வைப்பார்களாம்.

தமிழ்நாடு போலீசுக்கு முகம் அறியும் மென்பொருள் 2021இல் வந்தது. கேமரா தானாகப் பார்த்து யாரையும் கண்டுபிடிப்பதாக நினைப்பது ஒரு மாயை. அது செய்வது இதுதான்: ஓடுகிற படத்திலிருந்து முகத்தைப் பிரித்து, அதை எண்களாக்கி, ஏற்கெனவே வைத்திருக்கிற பட்டியலோடு ஒப்பிடுகிறது. பதிலாக வருவது ஆள் அல்ல, எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற எண். எத்தனைக்கு மேல் போனால் ‘அவன்தான்’ என்பதை மனிதன்தான் வைக்கிறான். டெல்லி போலீஸ் அதை 80 சதவீதம் என்று வைத்திருப்பது 2022இல் தகவல் உரிமைச் சட்டப் பதிலில் வெளிவந்தது. அமெரிக்காவில் 2018இல் நடந்த ஓர் ஆய்வில், இது ஆணா பெண்ணா என்று சொல்ல விற்பனையிலிருந்த மென்பொருள்களைக் கேட்டார்கள். வெளுத்த ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம், கறுத்த பெண்களிடம் 34.7 வரை போனது. நம் நிறத்தை நினைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

பட்டியல் முதலில், பார்வை பிறகு. 1911இன் தர்க்கம் இதிலும் அப்படியே இருக்கிறது. ஒரு வித்தியாசம்: ராதாரிச் சீட்டு அவன் மடியில் இருந்தது, எழுதிக் கொடுத்தது யார் என்று அவனுக்குத் தெரியும்.

2021 மே மாதம் ஹைதராபாத்தில் தெருவில் போன ஒரு சமூகச் செயற்பாட்டாளரை நிறுத்திய போலீஸ், முகக்கவசத்தைக் கழற்றச் சொன்னது. அவர் மறுத்தார். அப்படியும் படம் எடுத்தார்கள். எந்தச் சட்டத்தின்கீழ் என்று கேட்டு அவர் தெலங்கானா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2022 ஜனவரியில் அரசுக்கு நோட்டீஸ் போயிற்று.