தூரத்துச் சூடு

1973, நவம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை. டென்மார்க் நாட்டின் நெடுஞ்சாலைகளில் கார்களைக் காணோம். ஜனங்கள் நடுரோட்டில் ஹாயாக சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தார்கள். சிலர் குதிரையில் போனார்கள். ஊரடங்கு இல்லை, திருவிழாவும் இல்லை. 'ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் கார் ஓட்டக் கூடாது' என்று அரசாங்கம் போட்ட உத்தரவு அது. அந்த நாட்களில் கடைகளின் அலங்கார விளக்குகளைக்கூட அணைக்கச் சொல்லிவிட்டார்கள்.

காரணம், பெட்ரோல். அந்த அக்டோபரில் அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் யுத்தம் மூண்டது. அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயைத் திருகி மூட ஆரம்பித்தன. பீப்பாய் 3 டாலர் சுமாருக்கு விற்ற கச்சா எண்ணெய், 1974 ஜனவரியில் 12 டாலரை நெருங்கிவிட்டது. உலகமே ஆடிப்போனது. டென்மார்க் கொஞ்சம் அதிகமாகவே ஆடியது. அந்த நாடு செலவழித்த மொத்த எரிசக்தியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெளிநாட்டு எண்ணெய்!

சரி, காரை நிறுத்திவிடலாம். குளிரை நிறுத்த முடியுமா?

மார்கழிப் பனிக்கே மஃப்ளர் கட்டிக்கொள்ளும் நமக்கு இதன் தீவிரம் புரிவது சிரமம்தான். அந்த ஊர்க் குளிர்காலத்தில் வீட்டுக்குள் சூடு இல்லையென்றால் போர்வை போர்த்திச் சமாளிக்க முடியாது. குழாய்த் தண்ணீர் உறைந்து குழாயே வெடிக்கும். குழந்தைகளும் கிழவர்களும் படுத்த படுக்கையாகிவிடுவார்கள். ஏராளமான வீடுகளின் அடித்தளத்தில் ஆயில் எரிக்கும் ஒரு பாய்லர் இருந்தது. அது கொடுக்கும் வெந்நீர் அறைக்கு அறை இரும்பு ரேடியேட்டரில் ஓடி வீட்டைச் சூடாக வைக்கும். ஆயில் வரவில்லை என்றால் கதை முடிந்தது.

அந்தக் குளிர்காலத்தில் டேனிஷ்காரர்களுக்கு ஒரு விஷயம் உறைத்தது. வீட்டுக்கு வீடு அடுப்பு எரிப்பது மடத்தனம். ஊருக்கு ஓர் அடுப்பு போதும். அங்கே சுடவைத்த தண்ணீரை மண்ணுக்கடியில் குழாய் போட்டு வீடுகளுக்கு அனுப்ப வேண்டியதுதான். டேனிஷ் மொழியில் இதன் பெயர் 'ஃபியர்ன்வார்மே'. நேர் அர்த்தம், தூரத்துச் சூடு.

இதில் வேடிக்கை என்னவென்றால், யோசனை புதுசே இல்லை. அப்போதே அதற்கு நூறு வயசு நெருங்கிவிட்டது.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் லாக்போர்ட் என்று ஒரு சின்ன ஊர். அங்கே பேர்ட்ஸில் ஹாலி என்றொரு கண்டுபிடிப்பாளர் இருந்தார். தீயணைப்புக்கான தண்ணீர்க் குழாய் ஏற்பாடுகளில் பெயர் வாங்கியவர். தண்ணீரைக் குழாயில் அனுப்பலாம் என்றால் சூட்டை ஏன் அனுப்பக் கூடாது என்று யோசித்தார். முதலில் தன் வீட்டு பாய்லரில் இருந்து குழாய் போட்டுப் பரிசோதித்தார். 1877ல் லாக்போர்ட்டில் நீராவியைக் குழாய் வழியாக வீடுகளுக்கு விற்கும் வியாபாரம் ஆரம்பமானது. அது ஓடியது! 1882ல் நியூயார்க் நகரத்தின் மன்ஹாட்டனிலேயே நீராவி கம்பெனி வந்துவிட்டது. ஹாலிவுட் படங்களில் நியூயார்க் சாலையின் மூடிகளில் இருந்து புகை மாதிரி எழும்புமே, அதில் பெரும்பகுதி இந்த நீராவி உபயம்தான்.

ஐரோப்பாவிலும் ஆரம்பித்தார்கள். டென்மார்க் கதை குப்பையில் தொடங்குகிறது. கோபன்ஹேகனை ஒட்டி ஃபிரெடரிக்ஸ்பெர்க் என்று ஒரு தனி நகராட்சி. நாலு பக்கமும் வளர்ந்துவிட்ட தலைநகரம். குப்பை கொட்ட இடமில்லை. என்ன செய்வது? எரித்துவிடலாம் என்று ஓர் ஆலை கட்டினார்கள். எரிக்கும்போது வரும் சூட்டை வீணாக்குவானேன்? 1903ல் பக்கத்தில் இருந்த புது ஆஸ்பத்திரிக்கு அதைக் குழாயில் அனுப்பினார்கள். ஊர் கழித்துப் போட்ட குப்பை, நோயாளிகளுக்குக் கணப்பு ஆனது.

எழுபது வருஷம் கழித்து, அந்தச் சின்ன யோசனையைத் தேசத்தின் கொள்கையாக்கினார்கள். 1976ல் எரிசக்திக்கென்று தனி அரசு முகமை. 1979ல் 'வெப்ப விநியோகச் சட்டம்'. சட்டம் சொன்னது இதுதான்: ஒவ்வொரு நகராட்சியும் தன் ஊர் வரைபடத்தை விரித்து, எந்தத் தெருவுக்கு எந்த வழியில் சூடு என்று திட்டம் போட வேண்டும். ஒரு பகுதிக்குத் தூரத்துச் சூடு, இன்னொரு பகுதிக்கு வட கடலில் இருந்து வரப்போகும் கேஸ். 1980களில் 'உன் வீட்டை இந்தக் குழாயில் இணைத்தே ஆக வேண்டும்' என்று கட்டாயப்படுத்தும் அதிகாரமும் நகராட்சிகளுக்குக் கிடைத்தது.

கட்டாயம் என்றால் கம்பெனிக்காரன் கொழுத்துவிட மாட்டானா? அங்கேதான் சூட்சுமம். சூட்டை விற்பவர் லாபம் வைக்கக் கூடாது. ஆன செலவை மட்டுமே வசூலிக்கலாம். பெரும்பாலான நிறுவனங்கள் நகராட்சிகளுக்குச் சொந்தம், அல்லது சூட்டை வாங்குகிறவர்களே சேர்ந்து நடத்தும் கூட்டுறவுச் சங்கம். நம் ஊர் பால் சொசைட்டி மாதிரி, இது வெந்நீர் சொசைட்டி!

அடுத்த கணக்கு இன்னும் சுவாரஸ்யம். ஓர் அனல்மின் நிலையத்தில் 100 மூட்டை நிலக்கரி எரித்தால், 35 அல்லது 40 மூட்டைக்கான சக்திதான் மின்சாரமாகும். மீதி சூடாகக் கடலுக்கோ ஆற்றுக்கோ காற்றுக்கோ போகும். அந்தச் சூட்டைப் பிடித்து ஊருக்குள் அனுப்பினால் 85, 90 மூட்டை உபயோகமாகிவிடும். டென்மார்க் தன் மின் நிலையங்களை நகரங்களோடு குழாயால் முடிச்சுப் போட்டது. மின்சாரமும் அதுவே, வெந்நீரும் அதுவே.

இன்று அந்த நாட்டில் மூன்றில் இரண்டு வீடுகளுக்குத் தூரத்துச் சூடுதான். கோபன்ஹேகன் நகரத்தில் கிட்டத்தட்ட எல்லா வீடுகளுக்கும்.

இதோடு முடிந்தால் இது வெறும் சிக்கனக் கதை. ஆனால் இந்தக் குழாய்களுக்குள் இன்னொரு கதை ஓசைப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. அது சூடு ஆறிய கதை.

ஹாலி அனுப்பியது நீராவி. பொல்லாத சாமான். குழாய் நெடுக சூட்டைக் கொட்டிக்கொண்டே போகும். ஏதாவது கோளாறு என்றால் வெடிக்கும். 2007 ஜூலையில் மன்ஹாட்டனில், 1924ல் புதைத்த ஒரு நீராவிக் குழாய் நடுச்சாலையைப் பிளந்துகொண்டு கட்டட உயரத்துக்குப் பீறிட்டது நினைவிருக்கலாம். 1930களில் இருந்து நீராவிக்குப் பதிலாக, அழுத்தத்தில் அடைத்த 100 டிகிரிக்கும் மேற்பட்ட தண்ணீர் வந்தது. பிறகு 1970, 80களில் 100 டிகிரிக்கும் குறைந்த தண்ணீர். அதற்கென்றே தொழிற்சாலையில் தயாரான குழாய்கள்: உள்ளே இரும்பு, சுற்றிலும் நுரை, மேலே பிளாஸ்டிக் சட்டை. இப்போதைய இலக்கு 50, 60 டிகிரி. டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்ரிக் லுண்டும் சகாக்களும் 2014ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதற்கு 'நான்காம் தலைமுறை' என்று பெயர் வைத்தார்கள்.

சூட்டைக் குறைத்தால் என்ன லாபம்? வழியில் வீணாவது குறையும் என்பது ஒன்று. அதைவிடப் பெரிது இன்னொன்று. கொதிக்கக் கொதிக்கத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் அடுப்பு எரித்தே ஆக வேண்டும். குளிக்கிற சூடு போதும் என்றால் வெயிலில் வைத்த அண்டா போதுமே! தண்ணீர் ஆற ஆற, அதுவரை ஒன்றுக்கும் உதவாது என்று ஒதுக்கிய சூடெல்லாம் வரிசையில் வந்து நிற்கும்.

அப்படித்தான் வந்து நின்றன. சில்கபோர் என்ற ஊரில் 2016ல் 1,56,000 சதுர மீட்டருக்கும் மேல் சூரிய வெப்பத் தகடுகளை விரித்தார்கள். வெயிலுக்குப் பெயர் போன தேசமா அது? வருஷத்தில் பாதி நாள் மேகமூட்டம். இருந்தும் ஊரின் குழாயில் வெயிலின் சூடு ஓடுகிறது. ஓடென்ஸ நகரத்தில் ஃபேஸ்புக் தன் கம்ப்யூட்டர் கிடங்கைத் திறந்தது. ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் விடும் வெக்கையை முன்பெல்லாம் ஃபேன் வைத்து வெளியே ஊதித் தள்ளுவார்கள். இங்கே அதை வெப்ப பம்ப் மூலம் ஏற்றி ஊர்க் குழாயில் விடுகிறார்கள். நீங்கள் போட்ட ஒரு 'லைக்' யாரோ ஒரு டேனிஷ் பாட்டியின் படுக்கையறையைச் சூடாக்கியிருக்கலாம்!

எஸ்பியர் துறைமுகக் கதை இன்னும் ஒரு படி மேலே. அங்கிருந்த நிலக்கரி மின் நிலையத்தை 2024ல் மூடிவிட்டு, அதே வருஷம் கடல் தண்ணீரில் இருந்து சூட்டை உறிஞ்சும் ராட்சச வெப்ப பம்புகளைத் திறந்தார்கள். குளிர்ந்த கடலில் ஏது சூடு? நம் வீட்டு ஃப்ரிட்ஜின் பின்பக்கம் தொட்டால் சுடுகிறதே, அதே தந்திரம்தான். உள்ளே இருக்கும் கொஞ்சநஞ்சச் சூட்டையும் இழுத்து வெளியே தள்ளுகிறது ஃப்ரிட்ஜ். எஸ்பியரில் கடல்தான் ஃப்ரிட்ஜின் உள்பக்கம், ஊர்தான் பின்பக்கம். அந்த பம்புக்குள் சுற்றி வரும் வாயு எது தெரியுமா? கார்பன் டை ஆக்ஸைடு. பூமியைச் சூடாக்குகிற வில்லனைப் பிடித்து அடைத்து வேலை வாங்குகிறார்கள்.

கவனியுங்கள்... இத்தனை மாற்றத்திலும் பெரும்பாலான வீட்டுக்காரர் அடுப்பை மாற்றவே இல்லை. ஆயில் போய் நிலக்கரி வந்தது, வைக்கோல் வந்தது, குப்பை வந்தது, வெயில் வந்தது, கடல் வந்தது. குழாய்க்கு மறுமுனையில் எரிவது எது என்று தெரியாது. ஒரு லட்சம் வீட்டு பாய்லர்களை மாற்றுவதற்கு ஒரு லட்சம் பேரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். ஊரடுப்பை மாற்ற ஒரு தீர்மானம் போதும்.

குழாய் போட்டால் மட்டும் போதுமா என்றால், போதாது. அதற்கும் சரித்திரத்தில் சாட்சி உண்டு. லெனின்கிராடில் 1924லேயே மின் நிலையத்துச் சூட்டை வீடுகளுக்கு அனுப்ப ஆரம்பித்தவர்கள் ரஷ்யர்கள். பிறகு உலகத்திலேயே பெரிய வெந்நீர்க் குழாய் வலையை விரித்தவர்களும் அவர்களே. ஆனால் சோவியத் அடுக்குமாடி வீடுகளில் மீட்டர் இல்லை. பல வீடுகளில் சூட்டைக் குறைக்க ஒரு திருகுகூட இல்லை. எவ்வளவு செலவழித்தாலும் ஒரே கட்டணம். உள்ளே வெந்தால்? ஜன்னலைத் திறந்துவிடுவார்கள்! வெளியே மைனஸ் 15 டிகிரி, உள்ளே ஜன்னல் வழியாக ஊரே சூட்டைக் கொட்டிக்கொண்டிருக்கும். சோவியத் போன பின் பராமரிப்பும் பல ஊர்களில் போனது. 2024 ஜனவரியில் மாஸ்கோவுக்கு அருகே போதோல்ஸ்க் பகுதியில் ஊர் பாய்லர் படுத்துக்கொண்டபோது, கொடும் குளிரில் ஆயிரக்கணக்கானவர்கள் நாள்கணக்கில் விறைத்துப் போனார்கள். ஊருக்கு ஓர் அடுப்பு என்றால் அது அணையும்போது ஊருக்கே அணையும்.

டென்மார்க்கில் வீட்டுக்கு வீடு மீட்டர். அதோடு பல ஊர்களில் ஒரு விசித்திரமான கட்டணமும் உண்டு. வீட்டுக்குள் வந்த தண்ணீர் நன்றாக ஆறித் திரும்பினால் தள்ளுபடி. இன்னும் சூடாகவே திரும்பினால் கூடுதல் காசு. வாங்கிய சூட்டை முழுசாக உபயோகிக்கத் தெரியவில்லை என்று அர்த்தம்! வீட்டுச் சுவருக்கும் ஜன்னலுக்கும் சரியான காப்பு இருந்தால்தான் 60 டிகிரித் தண்ணீர் அறையைச் சூடாக்கும். ஆக, ஊரடுப்பைச் சீர்திருத்தும் வேலை உங்கள் ஜன்னலில் ஆரம்பிக்கிறது. ரொம்பவும் ஆறவிடவும் முடியாது. வெதுவெதுப்பான தொட்டித் தண்ணீரில் லெஜியோனெல்லா என்கிற நிமோனியா கிருமி குடித்தனம் நடத்தும்.

டேனிஷ்காரர்கள் ஒன்றும் உத்தம வில்லன்கள் இல்லை, உத்தமர்களும் இல்லை. நிலக்கரியை விட்ட பல மின் நிலையங்கள் மரத்துக்கு மாறின. அதில் கணிசமான மரம் கப்பலேறி வருகிறது. மரம் திரும்ப வளரும் என்பது வாதம். வளரப் பல பத்து வருஷம் ஆகுமே என்பது எதிர்வாதம். கோபன்ஹேகனில் குப்பை எரிக்கும் பிரம்மாண்ட ஆலை கட்டி, அதன் கூரை மேல் பனிச்சறுக்கு மைதானம் வைத்தார்கள். உலகமே வாய் பிளந்தது. ஆனால் அடுப்பு பெரிசு, ஊர்க் குப்பை போதாமல் வெளிநாட்டுக் குப்பையையும் வாங்கி எரித்தார்கள். '2025க்குள் கார்பன் இல்லாத நகரம்' என்று அறிவித்திருந்த கோபன்ஹேகன், அது நடக்காது என்று 2022ல் ஒப்புக்கொண்டது.

அதே 2022ல் உக்ரைன் யுத்தம். ஐரோப்பாவில் கேஸ் விலை எகிறியது. 1980களில் வரைபடத்தில் 'கேஸ்' என்று குறிக்கப்பட்ட தெருக்காரர்கள், எங்களுக்கும் தூரத்துச் சூடு வேண்டும் என்று வெந்நீர் சொசைட்டிகளுக்கு மனுப் போட ஆரம்பித்தார்கள். நாற்பது வருஷத்துக்கு முன் யாரோ ஓர் அதிகாரி இழுத்த ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கம் நிம்மதி, அந்தப் பக்கம் தவிப்பு.

வேர்க்கும் ஊர்க்காரர்களான நமக்கு இதில் என்ன இருக்கிறது? குஜராத்தில் காந்திநகர் அருகே கிஃப்ட் சிட்டியில் இதையே திருப்பிப் போட்டிருக்கிறார்கள். கட்டடத்துக்குக் கட்டடம் தனி ஏ.சி. இயந்திரத்துக்குப் பதிலாக, ஓரிடத்தில் குளிரவைத்த தண்ணீர் குழாயில் போகிறது. தூரத்துக் குளிர்ச்சி!

டென்மார்க்கில் கார் ஓடாத ஞாயிறுகள் 1974 பிப்ரவரியோடு முடிந்துவிட்டன. பெட்ரோல் வந்தது, கார்களும் வந்தன. குழாய்க்காகத் தெருவைத் தோண்டுகிற வேலை மட்டும் இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறது.