ஆறு மணி நேரக் காசு: கப்பற் பயணியின் பணப்பையும் கோப்பாய்ச் சந்தியும்

1. ஆய்வின் எல்லை

சென்னையிலிருந்து புறப்பட்ட ‘எம்பிரஸ்’ என்ற சொகுசுக் கப்பல் 2023 யூன் மாதத்தில் முதன்முறையாகக் காங்கேசன்துறைக்கு வந்தது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்பது அதன் சுற்று. அதே ஆண்டு ஒக்ரோபர் 14ஆம் திகதி நாகபட்டினத்திலிருந்து பயணிகள் படகும் தொடங்கியது. சில நாளில் நின்றுபோன அச்சேவை, 2024 ஆகஸ்ட் 16ஆம் திகதி மீண்டும் ஓடத் தொடங்கியது. படகில் வருபவர் இங்கே இரவு தங்குவார், மறுநாட் காலையில் கடைக்குப் போவார். சொகுசுக் கப்பலில் வருபவருக்கு மறுநாள் என்று ஒன்றில்லை. கரையில் அவருக்குக் கிடைப்பது சில மணி நேரம், ஆறு என்று வைப்போம். சங்கு ஊதினால் போய்விட வேண்டும். இக்கட்டுரை அவருடைய காசைப் பற்றியது.

கோப்பாயை ஆய்வுக்களமாக எடுத்தமைக்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணம்–பருத்தித்துறை வீதியில் கிடக்கும் ஊர் இது. நல்லூரைக் கும்பிட்டுவிட்டு நிலாவரைக் கிணறு பார்க்கப் புறப்படும் வாகனம் எங்கள் சந்தியால் போக வழியுண்டு. போகிறது, பெரும்பாலும் நிற்பதில்லை. நிற்காததற்கு நேரமின்மையைத்தான் எல்லாரும் காரணம் சொல்வார்கள். நான் பணப்பையில் உள்ள தாளின் பருமனையும் சேர்த்துச் சொல்வேன்.

2. ஒரே பெயர், இரண்டு காசு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையில் இந்திய ரூபாய் பரவலாகப் புழங்கியது. 1872இல் ரூபாயும் சதமும் இந்நாட்டின் சட்டபூர்வ நாணயமான பின்னரும் இரண்டும் ஒரே பெறுமதியில் நின்றன. 1950இல் இலங்கை மத்திய வங்கி தோன்றியபோதும் ஒன்றுக்கு ஒன்றே கணக்கு. சிதம்பரத்துக்கோ மதுரைக்கோ போன யாழ்ப்பாணத்தவருக்குக் கணக்குப் பார்க்கிற வேலை இருக்கவில்லை.

இந்தியா 1966 யூன் மாதத்தில் தன் ரூபாயை மதிப்பிறக்கியது. டொலருக்கு 4.76 ஆக இருந்தது 7.50 ஆனது. இலங்கை ரூபாய் 4.76இலேயே நின்றதால், உத்தியோகபூர்வக் கணக்கின்படி நூறு இலங்கை ரூபாய்க்கு நூற்றைம்பத்தேழு இந்திய ரூபாய்க்கு மேல். இந்த ராசயோகம் 1967 நவம்பரில் இலங்கையும் மதிப்பிறக்கும்வரை, ஏறத்தாழ பதினேழு மாதம். 1977இல் ரூபாயை மிதக்கவிட்ட பிறகு தட்டு மறுபக்கம் தாழ்ந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பின்னர் முந்நூறு அளவுக்கு இறங்கியது. அண்மைக் காலத்தில் ஓர் இந்திய ரூபாய்க்கு இங்கே ஏறத்தாழ மூன்றரை ரூபாய்.

தொல்லை இந்த மூன்றரையில் இல்லை, பெயரில் இருக்கிறது. டொலரில் நினைப்பவர் ரூபாயைக் கண்டதும் கணக்குக்கு ஆயத்தமாகிவிடுவார். சென்னையில் நினைப்பவருக்குக் காதில் விழுவதும் ரூபாய், கையில் இருப்பதும் ரூபாய். இதைச் சந்தியில் நேரிலே கண்டேன்.

இளநீர்க் கடை. வெயில் உச்சி. வாகனத்தால் இறங்கிய நடுவயதுக்காரர் விலை கேட்டார்.

“இருநூறு ஐயா.”

“இருநூறா? எங்க ஊர்ல அறுபதுக்கு வாங்குவேன், தம்பி!”

தம்பி கத்தியைக் கீழே வைக்காமலே சிரித்தான். “உங்கட காசில பாத்தா அதுவும் அவ்வளவுதான் வரும், ஐயா.”

விலையை இரட்டித்து ஏழால் வகுத்தால் இந்தியக் கணக்கு வந்துவிடும்: இருநூறு, நானூறு, ஐம்பத்தேழு. ஐயா விரலை மடக்கிப் பார்த்து ஒத்துக்கொண்டார். பிறகு ஐயாயிரம் ரூபாய்த் தாள் ஒன்றை நீட்டினார். அப்போதுதான் தம்பியின் சிரிப்பு நின்றது.

3. தாளின் பருமன்

மூவாயிரம் இந்திய ரூபாயை ஒருவர் மாற்றுகிறார் என்று வைப்போம். 3.5 வீதம் பத்தாயிரத்து ஐந்நூறு கிடைக்கும், 3.4 என்றால் பத்தாயிரத்து இருநூறு. வித்தியாசம் முந்நூறு, ஒன்றரை இளநீர். இதற்காக ஒரு மணி நேரம் கடை கடையாக ஏறி இறங்குபவர் தன் ஆறு மணியில் ஒன்றைத் தொலைக்கிறார். ஆனால் அதே பத்தாயிரம் இரண்டு தாளாக வந்தால், ஊர்க்கடையில் அது காசே அல்ல.

யாழ்ப்பாணத்து ஊர்க்கடையில் சில்லறைத் தட்டுப்பாடு புதிதல்ல. அதைச் சமாளிக்க இரண்டு வழி வைத்திருக்கிறோம். ஐந்து பத்து என்றால் மிச்சக் காசுக்கு டொபி. பெரிய தொகை என்றால் கொப்பி. “பிறகு தாங்கோ, அண்ணை” என்று சொல்லிக் கொப்பியில் பெயரை எழுதிவிடுவார்கள். சில்லறை இல்லாத குறையை நாளை என்கிற நம்பிக்கை நிரப்புகிறது. கப்பற் பயணியிடம் அந்த நாளை இல்லை. அவர் பெயரை எந்தக் கொப்பியிலும் எழுத முடியாது. அவருக்குக் கொப்பி செய்யும் வேலையை நூறு, ஐம்பது, இருபது ரூபாய்த் தாள்கள்தான் செய்யவேண்டும்.

ஆகவே ஐயாயிரம் ரூபாய்த் தாள் போகக்கூடிய இடங்கள் சிலவே: கஸ்தூரியார் வீதி நகைக்கடை, பெரிய புடைவைக் கடை, குளிரூட்டிய உணவகம். பனங்கட்டிக் குட்டானும் புழுக்கொடியலும் விற்கிற அம்மாவிடமோ, நீர்வேலி வாழைக்குலை தொங்கும் தட்டிக்கடைக்கோ அது வராது. சுற்றுலாப் பணம் ஊருக்குள் இறங்கவில்லை என்று கூட்டங்களில் குறைப்படுகிறோம். பணம் சந்திவரை வருகிறது. உடைபடாமல் திரும்பிப் போகிறது.

நல்லூரில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். அங்கே அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டே உள்ளே போகவேண்டும். வேட்டி மடிப்பில் காசு செருகிப் பழகிய எங்களுக்கு அது பொருட்டல்ல. கழற்றிய சட்டைப் பையில் காசை வைத்திருக்கும் விருந்தாளிக்கு ஒரு ரூபாய்க் குற்றியும் இல்லை, அதை வைக்க இடமும் இல்லை.

மாற்றும்போது கேட்கவேண்டியது ஒன்றே ஒன்று: “ஒரு ஐயாயிரத்தை ஆயிரமாத் தாங்கோ, இன்னொண்டை நூறும் ஐம்பதுமாத் தாங்கோ.” வங்கியிலோ உரிமம் பெற்ற நாணயமாற்றுக் கடையிலோ கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். பற்றுச்சீட்டையும் வாங்கிக்கொள்ள வேண்டும். பூரணை நாளில் வங்கி பூட்டு; கப்பல் அட்டவணை பூரணை பார்ப்பதில்லை.

4. அட்டையும் கைப்பேசியும்

கப்பலுக்குள் காசைத் தொடுவதில்லை. அறை அட்டையில் எல்லாம் பதிவாகும், இறங்கும் நாளில் கணக்குத் தீர்க்கப்படும். அந்தப் பழக்கத்தோடு கரையேறுபவருக்கு 2024 பெப்ரவரி 12 முதல் இலங்கையில் இந்தியாவின் யூபிஐ கைப்பேசிக் கொடுப்பனவு செல்லும் என்பது நல்ல செய்தி. லங்காகியூஆர் குறியீடு ஒட்டியிருக்கும் கடையில், அதுவும் கைப்பேசிக்கு இணைய இணைப்பு இருந்தால், வேலை செய்யும். சந்தியில் அதை நம்பி இளநீரைச் சீவச் சொல்லக்கூடாது.

கடன் அட்டை இயந்திரம் “இந்திய ரூபாயா, இலங்கை ரூபாயா” என்று கேட்டால் இலங்கை ரூபாய் என்றே அழுத்தவேண்டும். மற்றதை அழுத்தினால் மாற்று வீதத்தைக் கடைப்பக்கத்து வங்கி நிர்ணயிக்கும், அது மலிவாக இராது.

இந்தியத் தாளையே கொடுக்கலாமா? இந்தியாவில் வசிப்பவர் 25,000 ரூபாய்வரை இந்திய நாணயத்தை வெளியே கொண்டுவரலாம். 2022இல் இலங்கையும் அதை அங்கீகரித்த வெளிநாட்டு நாணயங்களுள் சேர்த்தது. ஆனால் அது மாற்றுவதற்கான அங்கீகாரம், இளநீர் வாங்குவதற்கானது அல்ல. கடைக்காரன் வாங்கினாலும் மூன்றுக்கு மேல் கணக்கிட மாட்டான். அவனும் பிறகு மாற்றப் போகவேண்டுமே.

5. மிஞ்சிய காசு

தாளைத் திரும்ப மாற்றலாம், அதற்குத்தான் பற்றுச்சீட்டு. குற்றிக் காசை மாற்றுக்கடைகள் பெரும்பாலும் வாங்குவதில்லை. கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வந்துபோகும் எங்கள் சனம் அதைப் பிஸ்கற் ரின்னில் போட்டு அடுத்த வருகைக்கு வைப்பார்கள். கப்பற் பயணிக்கு உண்டியல் இருக்கிறது. கோயில் உண்டியலைச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் அச்சொல்லுக்கு வங்கி தொடாமல் கடல் கடந்து காசு அனுப்புவது என்றும் பொருள் உண்டு, அது வேறு கட்டுரை.

இளநீர்க் கடையில் அன்று நடந்தது: தம்பி ஐயாயிரத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து மருந்துக்கடைக்கு ஓடினான், அங்கிருந்து சைக்கிள் கடைக்கு. பன்னிரண்டு நிமிடம். சாரதி இரண்டுமுறை கோர்ன் அடித்தார். ஐயா வாகனத்தில் ஏறியிருந்து ஆயிரமும் ஐந்நூறும் நூறுமாக நாலாயிரத்து எண்ணூறையும் எண்ணி முடித்தார். பிறகு கண்ணாடியை இறக்கி, “இன்னும் மூணு சீவு தம்பி, வீட்ல எல்லாரும் குடிக்கட்டும்” என்றார்.