அபீட், ஆக்கர், மட்டை

மலருக்குச் சரித்திரக் கட்டுரை ஒன்று தரும்படி நண்பர்கள் கேட்டார்கள. பல்லவர் காஞ்சியைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் பம்பரத்தைப் பற்றி எழுதுகிறேன்.

முசரவாக்கத்தில் எங்கள் தெருவில் காலையில் பட்டுப் பாவு நீட்டுவார்கள். அதைச் சுருட்டிய பிறகுதான் தெரு எங்களுக்கு. வட்டம் போட்டு, சாட்டையைச் சுற்றி, எல்லோரும் ஒரே நேரத்தில் பம்பரம் விடுவோம். சுழலும் பம்பரத்தைச் சாட்டையால் சுண்டித் தூக்கிக் கையில் பிடிப்பது 'அபீட்'. கடைசியாக அபீட் எடுத்தவன் பம்பரம் வட்டத்துக்குள் போகும். மற்றவர்கள் அதைக் குத்தி வெளியேற்ற வேண்டும். வெளியே வந்ததும் மறுபடி அபீட். குத்தில் ஆணி பதிந்த பள்ளம் 'ஆக்கர்'. சுழலாமல் உருண்டால் 'மட்டை'. அந்தப் பம்பரமும் உள்ளே.

தந்திரம் சாட்டையில் இருக்கிறது. நிறையச் சுற்றினால் நன்றாகச் சுழலும், ஆனால் அபீட்டில் பிந்திவிடுவோம். குறைத்துச் சுற்றினால் முந்தலாம், மட்டையாகும் பயம் உண்டு. ஓங்கிக் குத்தினால் ஆக்கர் ஆழமாக விழும், குறி தப்பும்.

1969-ல் ஒருநாள் பாவு சுருட்டும் முன்பே ஆட்டம் தொடங்கிவிட்டோம். நான் ஓங்கிக் குத்தினேன். பம்பரம் எகிறிப் போய்ப் பாவில் விழுந்தது. என் சிநேகிதனின் அப்பா திட்டவில்லை. "தள்ளிப் போய் ஆடுங்கடா" என்று மட்டும் சொல்லி, அறுந்த இழைகளை உச்சிவெயில் வரை ஒவ்வொன்றாக முடிந்தார். கோர்வைச் சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். மறுவாரம் சிநேகிதன் தறியில் நாடா தள்ள உட்கார்ந்தான். பிறகு அவன் வட்டத்துக்கு வரவில்லை. என் குத்துதான் காரணமா என்று அவனிடம் நான் கேட்டதில்லை.

தேவநேயப் பாவாணர் 1954-லேயே 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' என்ற நூலில் பம்பரத்துக்கும் இடம் கொடுத்தார். மலேசியாவில் கிளந்தான் பக்கம் 'காசிங்' பம்பரங்களை மோதவிடும் ஆட்டம் பேர்போனது. ஜப்பானியரின் பழைய 'பெய்கோமா' 1999-ல் 'பேபிளேடு' என்ற பொம்மையாக மாறி உலகம் சுற்றியது. நம் பம்பரத்திலிருந்து ஊர் சுற்றியது ஒரு சொல் மட்டுமே. "அவன் அபீட் ஆயிட்டான்" என்கிறார்கள். சொல்பவருக்கு அது பம்பரச் சொல் என்று தெரிவதில்லை.

மாணவ நண்பர்களே, வீட்டில் தாத்தா இருந்தால் அவர் ஊர்ப் பம்பரச் சொற்களைக் கேட்டு எழுதி வையுங்கள். அதுவும் சரித்திரந்தான். நானும் இந்தச் சந்திப்பு முடிந்ததும் ஊருக்குப் போய், அந்தச் சிநேகிதனைக் கேட்கப் போகிறேன்.