ரூபவாஹினியும் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணாச்சியும்



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். "சார், புது செல்போன் வாங்கியிருக்கேன். மருமகன்தான் இதை வாங்கச் சொன்னான்" என்றான். கடைக்காரரையும் கேட்கவில்லை, விளம்பரத்தையும் நம்பவில்லை. எனக்கு 1982 ஞாபகம் வந்துவிட்டது.

சென்னைக்கு தூர்தர்ஷன் 1975லேயே வந்துவிட்டது. அந்த அலை நம்ம திருநெல்வேலிக்கு எட்டாது. 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது. அதன் கோபுரம் நுவரெலியா பக்கம் பீதுருதாலகால மலையில், எட்டாயிரம் அடிக்கு மேல். நடுவே பெரும்பகுதி கடல். தூத்துக்குடிப் பக்கம் படம் தெரிகிறதாம் என்ற பேச்சு பாளையங்கோட்டை வரை வந்தது.

எங்கள் தெருவில் ரேடியோ ரிப்பேர் செய்யும் அண்ணாச்சி ஒருவர். (சிலோன் ரேடியோ கரகரத்தால் தெருவே அவரிடம்தான் ஓடும்.) அவர் பைப்போடு பைப்பைச் சேர்த்து, உச்சியில் அலுமினியக் கம்பி ஆன்டெனா, பூஸ்டர் எல்லாம் மாட்டி, தென்கிழக்கே திருப்பி வைத்தார். ஒரு சாயங்காலம் புள்ளி புள்ளியாக இரைந்த திரையில் ஒரு முகம் தெரிந்தது. பேசியது சிங்களம், ஒருத்தருக்கும் புரியவில்லை. ஆனாலும் தெருவே கூடி நின்றது. அதன்பின் டயனோராவா, சாலிடேரா என்று அவரைக் கேட்காமல் யாரும் பெட்டி வாங்கவில்லை.

அப்பாவும் கேட்டார். "வேண்டாம் மாமா, உங்க வீட்டைச் சுத்தித் தென்னை நிக்கி. ஐப்பசி, கார்த்திகையில எங்கிட்டயே படம் நிக்காது. கொஞ்சம் பொறுங்க" என்றார் அண்ணாச்சி.

அப்பாவுக்கு ரோஷம். "நமக்கு வசதி இல்லைன்னு நெனைக்கான்" என்று அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து வாங்கிவிட்டார். மழைக்காலம் முழுக்கப் பெட்டி துணி போர்த்திக் கிடந்தது. சங்கிலியை மீட்க இரண்டு வருஷம் ஆயிற்று. அம்மாவின் கோபமோ அண்ணாச்சி மேல்! "அவன்தான வேண்டாம்னு சொன்னான்?" என்று கேட்டேன். "சொன்னான். ஆனா மொதல்ல கம்பம் நட்டது யாரு?" என்றாள்.

அமெரிக்காவில் அயோவா மாநில மக்காச்சோள விவசாயிகளை ஆராய்ந்து ரயன், கிராஸ் என்ற இருவர் 1943ல் எழுதினார்கள். வீரிய விதை பற்றிய செய்தி விதை விற்பவர் மூலம்தான் அதிகம் பரவியது. ஆனால் விதைக்கத் துணிய வைத்தது பக்கத்து வயல்காரர். அம்மா இதையெல்லாம் படித்தவள் இல்லை.

அண்ணாச்சியோடு அவள் மறுபடி பேசியது என் கல்யாணத்தில்தான். மைக் செட் கட்ட வந்திருந்தார். அவளே இலை போட்டுப் பரிமாறினாள். அந்தப் பைப் இன்றும் எங்கள் மாடியில் இருக்கிறது, துணி காயப் போடுகிறோம்.

உங்கள் வீட்டு முதல் டிவியை யார் சொல்லி வாங்கினீர்கள்? எழுதுங்கள் பிள்ளைகளே.