ஓடாத காருக்கு எதுக்கு முழு பிரீமியம்?

எங்க பெரியப்பாகிட்ட 1985 மாடல் பத்மினி இருக்கு. வருஷத்துக்கு 300 கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். "தினம் ஆபீஸ் போற காருக்கும் இதுக்கும் ஒரே இன்சூரன்ஸாடா?"ன்னு கேட்டார்.

பழைய கேள்விதான். 1968-லேயே அமெரிக்கப் பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரி (பின்னாடி நோபல் வாங்கினவர்) இதை எழுப்பினார். ஓட்டுற தூரம் கூடினா விபத்து வாய்ப்பும் கூடும். அதனால இன்சூரன்ஸை டயர் விலையோட சேர்த்து வாங்கலாம்னார். டயர்தான் மீட்டர்! ஜிபிஎஸ் இல்லாத காலத்துல இதைவிட நல்ல சென்சார் ஏது?

இந்தியாவுல 2022 ஜூலையில ஐஆர்டிஏஐ 'பே ஆஸ் யூ டிரைவ்' திட்டத்துக்கு அனுமதி கொடுத்துச்சு. ஆனா அது சொந்த வண்டி சேதத்துக்கான பகுதிக்கு மட்டும். நாற்பது வருஷ வண்டிக்குக் காகிதத்துல மதிப்பே கொஞ்சம். அதுல என்ன பெருசா மிச்சம் வரும்?

தர்ட் பார்ட்டி பிரீமியத்தை அரசு நிர்ணயிக்குது, இன்ஜின் சிசியை வெச்சு. 2022 ஜூன் பட்டியல்படி 1,000-க்கு மேல 1,500 சிசி வரை 3,416 ரூபாய், வரி தனி. பத்மினி 1,089 சிசி. ஓடோமீட்டரை யாரும் பார்க்கறதில்ல.

அதே பட்டியல்ல விண்டேஜ்னு பதிவான காருக்குப் பாதி தள்ளுபடி உண்டு. 2021 விதிப்படி அதுக்கு 50 வயசு தாண்டணும். கண்காட்சி, ராலி, பெட்ரோல், ரிப்பேர் மாதிரி சில காரணங்களுக்குத்தான் ரோட்டுல எடுக்கலாம். கிலோமீட்டரை எண்ணாம, ஓட்டுற காரணத்தையே கட்டுப்படுத்திட்டாங்க.

பெரியப்பாவுக்கு அந்தத் தள்ளுபடி 2035-லதான் வரும். கணக்கைச் சொன்னேன். "1,708 ரூபாய்க்காக முருகன் கோயிலுக்கு இதுல போறதை விடணுமா?"ன்னு சாவியை எடுத்துட்டுக் கிளம்பிட்டார்.