இரண்டு தட்டல், நான்கு தட்டல்: இசேயும் இசுமோவும்

ஜப்பானில் ஷிண்டோ கோயிலுக்குப் போகிறவர்கள் சன்னதி முன் இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை குனிந்து வணங்குவார்கள். மியே மாகாணத்து இசே பெருங்கோயிலில் இதுதான் முறை. ஷிமானே மாகாணத்து இசுமோ தைஷாவில் நான்கு முறை தட்ட வேண்டும்.

இசேயின் உட்கோயிலில் குடியிருப்பவள் சூரிய தேவி அமதெராசு. அரச குலத்தின் மூதாதை. இசுமோவில் இருப்பவர் ஒகுனினுஷி. தன் நாட்டை அமதெராசுவின் வழியினருக்கு விட்டுக்கொடுத்து, ஈடாக ஒரு பெரும் மாளிகையைப் பெற்றவர் என்கிறது புராணம்.

இசே உட்கோயிலுக்கு உஜி பாலத்தைக் கடந்து, இசுசு ஆற்றங்கரையில் கைகழுவிப் போகலாம். மூலக்கோயிலில் உண்டியல் கிடையாது. பேரரசரைத் தவிர வேறெவரும் காணிக்கை செலுத்தக் கூடாதென்று முன்னாளில் தடை இருந்தது. அங்கே நன்றி சொல்வதே வழக்கம். சொந்த வேண்டுதலைப் பின்னாலுள்ள அரமத்சுரி சன்னதியில் சொல்வார்கள்.

இசுமோவுக்கோ வேண்டிக்கொள்ளவே கூட்டம் வருகிறது. ஒகுனினுஷி உறவுகளை முடிச்சுப்போடுபவர். வரன் கேட்பவர்கள் ஏராளம். பழைய நாட்காட்டியின் பத்தாம் மாதத்துக்குப் பிற இடங்களில் ‘தெய்வங்கள் இல்லாத மாதம்’ என்று பெயர். எல்லாத் தெய்வங்களும் இசுமோவில் கூடுவதாக நம்பிக்கை என்பதால், அங்கே மட்டும் அது ‘தெய்வங்கள் இருக்கும் மாதம்’. கருவறை தெற்கு பார்த்திருந்தாலும் உள்ளே ஒகுனினுஷி மேற்கு நோக்கி வீற்றிருக்கிறார். விவரம் அறிந்தவர்கள் மேற்குப் பக்கம் சுற்றிச் சென்று அவர் முகத்துக்கு நேரே நின்று இன்னொரு முறை வணங்குவார்கள்.

பழமையைக் காப்பதிலும் வழி வேறு. இசே 20 ஆண்டுக்கொருமுறை பக்கத்து மனையில் புதிதாக எழும்பும். 690இல் தொடங்கிய இந்த வழக்கம், போர்க்காலத்தில் நூறாண்டுக்கு மேல் தடைபட்டும் மீண்டது. 2013இல் நடந்தது 62ஆவது முறை. கழற்றிய தூண்கள் உஜி பாலத்தின் தோரணங்களாகின்றன. இசுமோவில் 1744இல் கட்டிய, 24 மீட்டர் உயர மூலக்கோயிலே நிற்கிறது. மரப்பட்டைக் கூரையை மட்டும் அவ்வப்போது மாற்றுகிறார்கள்.

இவற்றில் எது சரியான மரபு என்ற கேள்விக்கே இடமில்லை. ஷிண்டோவை நிறுவியவர் என்று ஒருவரும் இல்லை, எல்லோரையும் கட்டும் ஒரே வேதமும் இல்லை. அந்தந்தக் கோயிலின் வழக்கமே அங்கு விதி. ஆகவே, ஜப்பானில் சின்னஞ்சிறு தெருக்கோயிலுக்குப் போனாலும் சற்று ஒதுங்கி நின்று ஊர்க்காரர்கள் வணங்குவதைப் பாருங்கள், பிறகு கைதட்டுங்கள்.